வாடிக்கையாளர் இமெயிலைத் தானாகப் பிரித்து அடுக்கலாம்

குன்னூரில் தேயிலைத்தூள் விற்கும் ஒருவர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இமெயில் மூலம் ஆர்டர் எடுக்கத் தொடங்கியிருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். சீசனில் வந்து போன சுற்றுலாப் பயணி, ஊர் திரும்பியதும் அதே தூள் 2 கிலோ வேண்டும் என்று எழுதுகிறார். கோவைக் கடைக்காரர் சி.டி.சி. டஸ்ட் விலை கேட்கிறார். வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குச் சாம்பிள் கேட்கிறார். எல்லாம் ஒரே இன்பாக்ஸில் வந்து விழுகின்றன.

இரண்டு மாதம் கழித்து, "போன முறை சொன்ன விலைக்கே அனுப்புங்கள்" என்று ஓர் இமெயில் வந்தால் என்ன செய்வது? யாருக்கு என்ன விலை சொன்னோம் என்று தேட வேண்டியிருக்கும். அவசரத்தில் கடைக்காரருக்குச் சொன்ன மொத்த விலையைச் சில்லறை வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

மளிகைக் கடைப் பற்று நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கும் அல்லவா? அது போல ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் வைத்து, அவருடைய இமெயில்களை அதில் தானாகவே சேர்க்கும் புரோகிராம்கள் உள்ளன. இவற்றை சி.ஆர்.எம். சாப்ட்வேர் என்பார்கள். கஸ்டமர் ரிலேஷன்ஷிப் மேனேஜ்மென்ட் என்பதன் சுருக்கம் இது. நம் ஊர் எடுத்துக்காட்டு ஸோஹோ சி.ஆர்.எம். 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009ல் ஸோஹோ கார்ப்பரேஷன் எனப் பெயர் மாறிய நிறுவனம், 2005ல் இதை வெளியிட்டது. இதன் தலைமையகம் சென்னையில் உள்ளது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கம்ப்யூட்டருக்கு ஆளைத் தெரியாது. முகவரி மட்டுமே தெரியும். இதுதான் இந்த வசதியின் அடிப்படை. இமெயில் வந்ததும் புரோகிராம் மூன்று அடையாளங்களைப் பார்க்கலாம்.

1. அனுப்பியவர் முகவரி: இமெயிலில் 'ஃப்ரம்' வரியில் உள்ள முகவரியை, வாடிக்கையாளர் பதிவுகளில் உள்ள இமெயில் முகவரியுடன் ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தப் பக்கத்தில் சேர்த்துவிடும்.

2. மெசேஜ் ஐ.டி.: ஒவ்வொரு இமெயிலுக்கும் ஒரு தனி அடையாளக் குறியீடு உண்டு. நம் கண்ணில் படாது. அதற்குப் பதில் எழுதும்போது, பழைய இமெயிலின் குறியீடும் பதிலுடன் சேர்ந்து வரும். எந்தக் கடிதத்திற்கு இது பதில் என்று அதை வைத்து அறியலாம்.

3. சப்ஜெக்ட் வரியில் எண்: சில புரோகிராம்கள் சப்ஜெக்ட் வரியின் கடைசியில் ஓர் எண்ணைச் சேர்க்கும். மைக்ரோசாப்ட் டைனமிக்ஸ் சி.ஆர்.எம். இந்த முறையைப் பயன்படுத்தியது. பதில் வரும்போது அந்த எண்ணும் திரும்பி வருவதால் அடையாளம் காண்பது எளிது.

நாம் அனுப்பும் கடிதங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சில சாப்ட்வேர்கள் உங்களுக்கென ஒரு தனி முகவரி தரும். அதை 'பி.சி.சி.' கட்டத்தில் சேர்த்து அனுப்பினால், கடிதத்தின் நகல் உரிய பக்கத்திற்குப் போய்விடும்.

எங்கே தவறும்?

ஒருவரே அலுவலக முகவரியிலிருந்தும் சொந்த முகவரியிலிருந்தும் எழுதலாம். ஒன்றை மட்டும் பதிந்திருந்தால் மற்றது அநாதையாக நிற்கும். எனவே இரண்டையும் ஒரே பதிவில் கொடுங்கள்.

கணவனும் மனைவியும் ஒரே முகவரியைப் பயன்படுத்தினால் இருவர் ஆர்டரும் ஒரே பக்கத்தில் கலந்துவிடும். கம்பெனிகளின் பொது முகவரியிலும் இதே சிக்கல்தான். இத்தகைய முகவரியை ஆளின் பெயரில் பதியாமல், கம்பெனி பெயரில் பதிவது நல்லது.

ஜிமெயில் முகவரியில் பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். ஆனால் ஒப்பிடும் புரோகிராமுக்கு அவை இரண்டு வேறு முகவரிகளாகத் தெரியலாம்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 'ஃப்ரம்' வரியில் பிறர் முகவரியைப் போலியாக எழுதி அனுப்ப முடியும். இமெயில் நிறுவனங்கள் இதைச் சோதித்துத் தடுக்கின்றன. என்றாலும் எல்லாம் பிடிபடும் என்று சொல்ல முடியாது. உங்களுக்குத் தூள் தரும் ஃபேக்டரி பெயரில், "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்" என்று ஒரு கடிதம் வருகிறது என்றால், அது அவர்களுடைய பழைய கடிதங்களின் நடுவே சாதுவாக உட்கார்ந்துவிடும். பார்த்தால் சந்தேகமே வராது. பதிவில் சேர்ந்துவிட்டது என்பதற்காக அது உண்மைக் கடிதம் ஆகிவிடாது. பண விஷயம் என்றால், முன்பே தெரிந்த எண்ணுக்குப் போன் செய்து கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள்.

ஜிமெயிலிலேயே செய்து பார்க்கலாம்

தனி சாப்ட்வேர் வாங்கும் முன், இதே வேலையைச் சிறிய அளவில் ஜிமெயிலில் செய்யலாம். செலவு இல்லை.

1. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, வாடிக்கையாளரின் இமெயில் ஒன்றைக் கிளிக் செய்திடுங்கள்.

2. மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் 'ஃபில்டர் மெசேஜஸ் லைக் தீஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஃப்ரம்' கட்டத்தில் அவர் முகவரி தானாகவே வந்திருக்கும்.

3. அவருக்கு இரண்டு முகவரிகள் இருந்தால், இரண்டாவதையும் அதே கட்டத்தில் டைப் செய்திடுங்கள். இடையில் 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் இட வேண்டும்.

4. 'கிரியேட் ஃபில்டர்' கிளிக் செய்து, அடுத்த பட்டியலில் 'அப்ளை த லேபிள்' என்பதில் டிக் செய்திடுங்கள். வாடிக்கையாளர் பெயரில் புதிய லேபிள் உருவாக்குங்கள்.

5. பழைய கடிதங்களும் சேர வேண்டுமானால் 'ஆல்சோ அப்ளை ஃபில்டர்' எனத் தொடங்கும் வரியிலும் டிக் செய்து, மீண்டும் 'கிரியேட் ஃபில்டர்' அழுத்துங்கள்.

இனி இடது பக்கம் உள்ள அந்தப் பெயரைக் கிளிக் செய்தால் அவர் அனுப்பியவை மட்டும் வரிசையாக வரும். வாடிக்கையாளர் எண்ணிக்கை பெருகி, ஆளுக்கு ஒரு லேபிள் என்பது கட்டுப்படியாகாத நிலை வரும்போது சி.ஆர்.எம். சாப்ட்வேருக்கு மாறலாம். சில நிறுவனங்கள் இலவசப் பதிப்பும் தருகின்றன. ஆனால் இமெயில் இணைக்கும் வசதி அதில் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்கு மாறினாலும், முதல் வேலையாக வாடிக்கையாளர் பெயர், ஊர், போன், எல்லா இமெயில் முகவரிகள் ஆகியவற்றை ஒரு எக்ஸெல் ஷீட்டில் பிழையின்றி டைப் செய்து வையுங்கள். முகவரி சரியாக இருந்தால்தான் கடிதம் உரிய பக்கத்தைச் சென்று சேரும்.