பன்னிரண்டு வருஷப் பாடு: கிறிஸ்தவ ஸ்திரீயும் அவள் சரீரமும்



இம்முறை தியானத்துக்கு மாற்கு 5ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை எடுத்துக்கொண்டோம். பெரும்பாடுள்ள ஸ்திரீயின் சரித்திரம் நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். அவளுடைய விசுவாசத்தைக் குறித்துப் பிரசங்கங்கள் அநேகம் கேட்டிருக்கிறோம். அவளுடைய வியாதியைக் குறித்து அதிகம் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி வார்டில் வேதத்தைத் திறக்கிற எங்களுக்கோ முதலில் கண்ணில் படுவது அந்த வியாதிதான்.

பன்னிரண்டு வருஷம் உதிரம் போய்க்கொண்டிருந்த ஒருத்தி எப்படி இருந்திருப்பாள்? கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். தலை சுற்றும். கால் வீங்கும். இப்படிப்பட்ட தாய்மார் வாரந்தோறும் எங்கள் புறநோயாளிப் பிரிவில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "எத்தனை நாளாக அம்மா?" என்று கேட்டால், "அது கிடக்குது ஐயா, ரொம்ப நாளா இருக்குது" என்பார்கள். 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. அதாவது நம் ஆலயத்தில் பெண்கள் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்.

மாற்கு எழுதினதைக் கவனியுங்கள். அவள் சும்மா இருந்துவிடவில்லை. வைத்தியர் அநேகரிடம் போனாள், கையிலிருந்ததை எல்லாம் செலவழித்தாள், அப்படியும் வியாதி அதிகப்பட்டது. இதை வாசித்துவிட்டு, வைத்தியத்தை நம்பினதே அவளுடைய தவறு என்று போதிக்கிறவர்கள் உண்டு. வேதம் அப்படிச் சொல்லவில்லை. அவள் வைத்தியரிடம் போனதை ஆண்டவர் ஓர் இடத்திலும் கண்டிக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று கன்வென்ஷன் பந்தலில் கேட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தி, மயக்கத்தோடு கொண்டுவரப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறுக்கு வழி சொல்லி எழுதினாரே தவிர, விசுவாசக் குறைவு என்று எழுதவில்லை (1 தீமோ. 5:23).

அவள் மறைந்து வந்தாள் என்பதும் முக்கியம். லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தின்படி அவள் தீட்டுள்ளவள். அவள் தொட்டதும் உட்கார்ந்ததும் தீட்டு. ஆகையால் கூட்டத்துக்குள் பின்னாக வந்து, ஒருவருக்கும் தெரியாமல் வஸ்திரத்தைத் தொட்டாள். நம் ஊரில் தீட்டு என்கிற பேச்சு ஆலயத்துக்குள் இல்லை என்று சொல்லுகிறோம். ஆனாலும் அந்த வெட்கம் போகவில்லை. வெள்ளைப்பாடு, அடியிறங்குதல், மாதவிலக்கு நின்றபின் திரும்ப உதிரம் காணுதல், மார்பில் ஒரு கட்டி, இவைகளைப் புருஷனிடத்தில் சொல்லாமல், மகளிடத்தில் சொல்லாமல், ஜெப விண்ணப்பச் சீட்டில் "சரீர பெலவீனம்" என்று மாத்திரம் எழுதிக்கொடுக்கிற தாய்மார் எத்தனை பேர்! நம் தேசத்துப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலாவது மார்பகத்திலும், இரண்டாவது கர்ப்பப்பை வாயிலும் வருகிறது. இரண்டும் ஆரம்பத்தில் கண்டால் குணமாக்கக் கூடியவை. கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்கு அறுவை வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். பயிற்சி பெற்ற நர்ஸ் அம்மா சில நிமிஷத்தில் முடித்துவிடுவார். முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் செய்துகொள்ள வேண்டியது. அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே செய்கிறார்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆனபின் ஒரு சொட்டு உதிரம் கண்டாலும், அடுத்த உபவாச ஜெபம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே டாக்டர் அம்மாவைப் பாருங்கள்.

ஆண்டவரோ அவளை மறைவாகப் போகவிடவில்லை. யவீருவின் மகள் மரண அவஸ்தையில் கிடக்கிறாள், ஜெப ஆலயத் தலைவன் பக்கத்தில் நிற்கிறான், ஜனங்கள் நெருக்குகிறார்கள். அந்த அவசரத்திலும் நின்று, தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டு முன்னே வந்து உண்மை முழுவதையும் சொல்லுகிறாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் பேச்சை ஒருவர் முழுவதும் கேட்டது அதுவே முதல் தரமாக இருந்திருக்கலாம். பிறகு அவளை மகளே என்று அழைக்கிறார். வேதனை என்று நாம் வாசிக்கிற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் சவுக்கடி என்று அர்த்தம். இரட்சித்தல், சுகமாக்குதல் இரண்டுக்கும் அங்கே ஒரே வினைச்சொல்தான் வருகிறது. ஆத்துமாவை ஒரு பக்கமும் சரீரத்தை ஒரு பக்கமும் பிரித்து வைக்கிற பழக்கம் நம்முடையது, மாற்குவினுடையது அல்ல.

பிறகு யவீருவின் வீடு. செத்துப்போன பிள்ளை எழுந்து நடக்கிறாள். பன்னிரண்டு வயது, அதாவது அந்த ஸ்திரீ பாடுபட்ட அத்தனை வருஷம். எல்லாரும் பிரமித்து நிற்கும்போது ஆண்டவருக்கு நினைவு வருவது அவள் பசி. சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்லுகிறார். அற்புதத்தைப் பார்த்த தகப்பனுக்கும் தாய்க்கும் அது மறந்துபோயிற்று.

நம் வீடுகளிலும் அதுதான் மறந்துபோகிறது. உத்தமபாளையம், சின்னமனூர், கூடலூர், சுருளிப்பட்டி பக்கங்களில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வேலை செய்கிறவர்களையும், விடியுமுன் ஜீப்பில் நெருக்கி ஏறிக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். எழுந்திருப்பது இருட்டோடு. சோறு வடித்து, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்து, புருஷனுக்கு வைத்து, மாமியாருக்கு வைத்து, தனக்குத் தூக்குவாளியில் மிஞ்சினதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறாள். தோட்டத்தில் ஒதுங்க இடம் இல்லை என்று தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் நீர்க்கடுப்பு. மருந்தடித்த செடியைத் தொட்ட கையோடு சாப்பாடு. மாலையில் வந்து, சேலையைக்கூட மாற்றாமல் கைப்பிள்ளையைத் தூக்குகிறாள். கைகால் சோப்புப் போட்டுக் கழுவி, சேலை மாற்றி, பிறகு பிள்ளையைத் தொடுங்கள் என்று எங்கள் நர்ஸ்மார் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இரவில் மறுபடியும் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவளே.

இதற்கு நாம் தியாகம் என்று பேர் வைத்திருக்கிறோம். அன்னையர் தின ஆராதனையில் நீதிமொழிகள் 31ஐ வாசித்து, இருட்டோடு எழுந்திருக்கிற குணசாலியைப் புகழ்ந்துவிட்டு உட்காருகிறோம். அதே அதிகாரத்தில் அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள் (15), தன் கைகளைப் பெலப்படுத்திக்கொண்டாள் (17), தனக்கென்று நல்ல வஸ்திரம் உடுத்தினாள் (22). பிரசங்கம் பெரும்பாலும் இந்த வசனங்களுக்குப் போய்ச் சேருவதில்லை. ஓய்வுநாள் கட்டளையில் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மாடு கழுதை வரைக்கும் ஓய்வு சொல்லியிருக்கிறது. வீட்டுத் தாய்க்கு ஞாயிற்றுக்கிழமைதான் அடுப்பு இரண்டு மடங்கு எரிகிறது. கறிக்குழம்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வெங்காயம் உரிக்கப் புருஷமாருக்கும் கை உண்டு என்று மாத்திரம் சொல்லுகிறோம்.

எலியாவின் சரித்திரத்தையும் சேர்த்து வாசிப்பது நல்லது (1 இராஜாக்கள் 19). சூரைச்செடியின் கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் ஆலோசனை சொல்லவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். தேவன் பேசினது அதற்கு அப்புறம். மனச்சோர்வோடு வருகிற சகோதரியிடம் எடுத்தவுடனே "ஜெபிக்கிறீர்களா?" என்று கேட்கிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்காகச் சொல்லுகிறவளுக்கு ஜெபமும் வேண்டும், டாக்டரும் வேண்டும்.

சுகத்தைக் கவனிப்பது சுயநலமோ என்று கேட்கிறவர்களுக்கு நம் மலையையே காட்டலாம். 1834இல் மதுரையில் ஊழியம் தொடங்கின அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானார்கள். உயிரோடிருந்தால்தானே ஊழியம் என்று பெரியகுளம் பக்கமாக மலையேறி, 1845இல் கோடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அந்த நாளில் வண்டிப்பாதை கிடையாது. துரைசானிகளையும் பிள்ளைகளையும் நம் அடிவாரத்து ஜனங்கள் தோளில் சுமந்தார்கள். சுமந்தவர்கள் ஓய்வுக்கு எங்கே போனார்கள் என்பதை மிஷன் சரித்திரம் அதிகம் பேசுவதில்லை, நாம் பேசலாம். வேலூரில் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கின டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரும் கோடைக்கானலுக்கு வந்து இளைப்பாறுவது வழக்கம். வயதான காலத்திலும் டென்னிஸ் ஆடினவர். 1960இல் அந்த மலையிலேயே தமது 89ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் சோம்பேறி என்று ஒருவரும் சொன்னதில்லை.

ஏலத்தோட்டத்துக்குப் போகிறவளுக்குக் கோடை பங்களா கிடையாது. அவளால் கூடியது எது? இரத்தச்சோகைக்கு டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது. டீயும் காப்பியும் அந்தச் சத்தைச் சேரவிடாது; ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ உதவி செய்யும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் அநேகர். அது மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு ஏறினபின்னும் டாக்டர் சொல்லுமட்டும் சில மாதங்கள் தொடர வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, கிடைக்கும்போது ஒரு முட்டை. இவை பிள்ளைகளின் தட்டுக்கு மாத்திரம் அல்ல. உபவாசம் இருக்க விரும்புகிற சகோதரி, சர்க்கரை வியாதி உள்ளவளாகவோ கர்ப்பிணியாகவோ பாலூட்டுகிறவளாகவோ இருந்தால், முதலில் டாக்டரைக் கேட்கட்டும். போதகர்மார் இதை அறிவிப்பிலேயே சொல்லிவிடலாம். 2021இல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின்கீழ் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பேரைக் கொடுக்க வெட்கப்படத் தேவையில்லை.

பிரியமானவர்களே, நீங்கள் அனுப்புகிற காணிக்கை வார்டில் படுத்தவர்களுக்கு உதவுகிறது. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். இம்முறை காணிக்கையோடு இன்னொன்றும் கேட்கிறோம். உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இந்த மாற்கு 5ஐ வாசித்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்கள் இல்லாமல், ஒரு நர்ஸையோ லேடி டாக்டரையோ பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். பேச வேண்டிய கேள்விகள் இவை. நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தோம்? ஒருவரிடத்திலும் சொல்லாத வியாதி எது? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது. அவசரப்படாமல் காத்திருங்கள். யாராவது ஒருவர் வாய் திறந்தால், மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொல்லுவார்கள்.