கண்ணாடி மேல் கமகம்

ஐபேடை ஒரு முழு ஸ்டுடியோ என்று நம்பி வாங்குகிறவர்கள்தான் சில மாதங்களில் அதைக் குழந்தைகள் கையில் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குத் திரும்புகிறார்கள். வாத்தியம் என்று நினைத்து வாங்கியவர்களிடம் அது வருஷக்கணக்கில் தங்குகிறது. நான் இரண்டாவது கட்சி.

குறும்படங்களுக்கும் உள்ளூர் விளம்பரங்களுக்கும் இசை அமைப்பது என் பிழைப்பு. படுக்கையறையின் ஒரு மூலையே ஸ்டுடியோ: ஒரு மேக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், சின்ன மிடி கீபோர்டு, ஒரு மைக், ஒரு ஐபேட். ஒலிப்பதிவு, எடிட்டிங், மிக்ஸிங் எல்லாம் மேக்கில். ஐபேடுக்கு ஒரே வேலை, வாசிக்கப்படுவது. அதில் ட்ராக் அடுக்குவதில்லை, மிக்ஸ் பண்ணுவதில்லை. முடியாது என்பதால் அல்ல. 2010-இல் ஐபேட் வெளிவந்த அதே வருஷம் கொரில்லாஸ் குழுவின் டேமன் ஆல்பர்ன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது பெரும்பாலும் ஐபேடிலேயே ‘தி ஃபால்’ ஆல்பத்தை உருவாக்கிவிட்டார். ஊர் ஊராகப் போகிறவருக்கு அது சௌகரியம். மேஜை மேல் பெரிய திரையும் மவுஸும் இருக்கும்போது, விரல் நுனியால் ஃபேடரைத் தேடித் தேடித் தள்ளுவதில் எனக்கு என்ன லாபம்?

எந்த ஆப்பை வாங்குவது என்பதற்கு என்னிடம் ஒரே சோதனைதான். இதே சத்தத்தைக் கீபோர்டில் வாசித்தாலும் இப்படியே வருமா? வரும் என்றால் வேண்டாம். பியானோ, ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர் பிளக்-இன்களில் நன்றாகவே இருக்கின்றன. கண்ணாடிக்கென்று ஒரு குணம் உண்டு. அதில் விரல் வழுக்கும். வழுக்கலுக்குப் பதில் சொல்லும் ஆப்தான் காசுக்கு மதிப்பு.

தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அது ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரம் இல்லை. கீழே ரிஷபத்தின் பக்கமும் மேலே மத்திமத்தின் பக்கமும் அசைந்துகொண்டே இருந்தால்தான் அது தோடி. இடது கையைப் பிட்ச் வீலில் வைத்துக்கொண்டு கீபோர்டில் அதைக் கொண்டுவரும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கு நாலு அடிக்கு மேல் தாங்காது. ஜியோஷ்ரெட் ஆப்பில் விரலை வைத்து இழுத்தால் ஸ்வரம் விரலோடு போகிறது, திரும்பினால் திரும்புகிறது. மகேஷ் ராகவன் இந்த ஆப்பில் கர்நாடக இசை வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வாங்கியபடியே வாசித்தால் இந்த அசைவு, அதாவது கமகம், வராது. விரல் நின்ற இடத்துக்குப் பக்கத்து ஸ்வரத்தில் சுருதியைத் தானாகப் பிடித்து நிறுத்தும் வசதி அதில் இருக்கிறது. மேற்கத்திய மெட்டுக்கு அது வரம். அசையும் ஸ்வரத்துக்கு அதுவே விலங்கு. அதன் வேகத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள். கை பழகிய பிறகு முழுவதுமாக அணைத்துவிடலாம். அடுத்து, பாட்டின் கட்டைக்கு ஏற்ப ஷட்ஜம் எங்கே என்று முடிவு செய்து, திரையில் அந்த இடத்தை விரல் கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கும்வரை தம்பூராவோடு சாதகம் பண்ணுங்கள். வீணையில் மெட்டு விரலுக்குத் தட்டுப்படும். கண்ணாடியில் எதுவும் தட்டுப்படாது. காதுதான் மெட்டு.

இன்னொரு குறை, ஐபேட் திரைக்கு அழுத்தம் தெரியாது. ஓங்கி அடித்தாலும் தடவினாலும் அதற்கு ஒன்றுதான். கராஜ்பேண்ட் ஐபேடின் உடம்பில் எழும் அதிர்வை வைத்துத் தட்டலின் பலத்தை ஊகிக்கிறது. ஐபேடை மடியிலோ மெத்தையிலோ வைத்தால் அந்த ஊகமும் தப்பாகும். மற்ற ஆப்களில், விரல் மேலே போனால் சத்தம் கூடவும் கீழே வந்தால் அடங்கவும் அமைத்துக்கொள்கிறேன். இசையில் மூச்சு இருப்பதாகக் கேட்பவர்கள் சொன்னால், அதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு செட்டிங்.

வாசிக்க உட்காரும் முன் கட்டாயம் செய்யவேண்டிய ஒன்று: நாலைந்து விரல் சைகைகளை ஐபேட் செட்டிங்ஸில் அணைத்துவிடுவது. இல்லையென்றால் இரண்டு கையாலும் ஒரு கார்டு பிடித்து நகர்த்தும்போது ஆப் மறைந்து வேறு ஆப் வந்து நிற்கும், அதுவும் நல்ல டேக்கின் நடுவில். திரை தானாக அணைவதையும் நோட்டிஃபிகேஷன்களையும் அதோடு நிறுத்திவிடுங்கள். சென்னைப் புழுக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. மைக் டேக்குக்காக ஏசியை அணைத்துவிட்டு அப்படியே ஐபேடுக்கு வந்தால் ஈர விரல் கண்ணாடியில் ஒட்டும், இழுப்பு தடுக்கும். என் மேஜையில் ஒரு பருத்தித் துணி எப்போதும் கிடக்கும்.

கமகத்துக்கு அடுத்து, கண்ணாடி ஜெயிக்கும் இடம் ஒலித்துண்டுகளைக் கிளறுவது. போர்டர்லேண்ட்ஸ் என்ற ஆப்பில் பதிவு செய்த ஒலி ஒரு பட்டையாகத் திரையில் கிடக்கும். அதன் மேல் வட்டங்களை நகர்த்தினால் அந்தந்த இடத்தின் துகள்கள் மட்டும் ஒலிக்கும். சாம்ப்ளர் (Samplr) என்ற ஆப்பிலும் அலைவடிவத்தையே விரலால் வாசிக்கலாம். ஒரு குறும்படத்துக்கு அம்மி அரைக்கும் சத்தத்தைப் பதிவு செய்து இதில் போட்டேன். கல்லும் கல்லும் உரசிய ஓசை, மெதுவாக இழுத்தபோது ஒரு அடர்ந்த ரீங்காரமாக விரிந்தது. படத்தின் பாதி பின்னணி இசை அதிலிருந்தே வந்துவிட்டது. இந்த வேலையை மவுஸில் செய்யலாம்தான். பத்து விரலில் செய்வது வேறு.

சத்தத்தை மேக்குக்குக் கொண்டுபோக எளிய வழி, ஐபேடை சார்ஜ் பண்ணும் அதே யூஎஸ்பி கேபிள். மேக்கில் ‘ஆடியோ மிடி செட்டப்’ திறந்தால் ஐபேட் தெரியும். அதை இயக்கிவிட்டால் ஐபேடின் ஸ்டீரியோ ஒலி டிஜிட்டலாகவே வந்துவிடும். விண்டோஸ்காரர்களுக்கு ஐபேடின் ஹெட்போன் துளையிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்கு ஒரு கேபிள் போதும். அப்படிப் பதிவு செய்யும்போது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். பல வீடுகளில் அந்த ‘ஙொய்ங்’ சத்தத்துக்குக் காரணம் சார்ஜர்தான். சாம்பிள் ரேட்டை இரண்டு பக்கமும் 48 கிலோஹெர்ட்ஸ் என்றே வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

தாமதம்தான் பெரிய எதிரி. 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் சுமார் 5 மில்லிசெகண்ட். 512 என்றால் 10-ஐத் தாண்டும். ஐபேடில் ஒரு பஃபர், மேக்கில் ஒரு பஃபர் என்று இரண்டையும் கடந்து ஹெட்போனுக்கு வந்தால் விரலுக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி தெரிய ஆரம்பிக்கும். லைன் இன்புட் வழியாக வாசிக்கும்போது இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரில் கேட்பது உத்தமம். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. பதிவான ட்ராக் கொஞ்சம் பிந்தி உட்காரும் என்பதால், எத்தனை சாம்பிள் பிந்துகிறது என்று ஒருமுறை அளந்து எழுதி வைத்திருக்கிறேன். பஃபரையும் வயரிங்கையும் மாற்றாதவரை ஒவ்வொரு டேக்கையும் அவ்வளவு முன்னால் தள்ளினால் போதும்.

வாசித்தது பிடித்திருந்தால் அன்றைக்கே அது ஆடியோ ஃபைலாகிவிட வேண்டும். ‘பாட்ச் ஐபேடில்தானே இருக்கிறது, பிறகு வாசித்துக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கைக்கு ஆப்பிள் உத்தரவாதம் தருவதில்லை. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததும் பழைய 32 பிட் ஆப்கள் எல்லாம் ஓடாமல் போயின. ஒரு ஆப்பின் ஒலியை இன்னொன்றுக்கு அனுப்பும் இன்டர்-ஆப் ஆடியோவை 2013-இல் கொண்டுவந்தார்கள், 2019-இல் கைவிடுவதாக அறிவித்தார்கள். நான் ஃபைல் பெயரிலேயே ஆப், பாட்ச், கட்டை மூன்றையும் எழுதிவிடுவேன். ஒரு ப்ராஜெக்ட் நடந்துகொண்டிருக்கும்போது ஐபேடை அப்டேட் பண்ணுவதும் இல்லை.

ஆண்ட்ராய்டு டேப்லெட் ஏற்கெனவே கையில் இருந்தால் கோலா சாம்ப்ளர் போட்டு வாசித்துப் பாருங்கள், அருமையான ஆப். தாமதம் மாடலுக்கு மாடல் மாறுவதால், இதற்கென்றே புதிதாக ஒன்று வாங்கச் சொல்லமாட்டேன்.

வாங்குவதென்றால் பழைய ஐபேடே தாராளம். 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை வரை சாதாரண ஐபேடில் ஹெட்போன் துளை இருந்தது, அடுத்த வருஷத்து மாடலில் எடுத்துவிட்டார்கள். கடையில் பார்க்கும்போது ஒரு விரலைத் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாக, வரிசை வரிசையாக இழுத்துப் பாருங்கள். மட்டமான கண்ணாடி மாற்றியிருந்தால் எங்கேயாவது ஓரிடத்தில் தொடுகை அறுந்து போகும். படம் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது, உங்கள் காந்தாரம் அங்கேதான் அறுபடும்.