மூணாறு சவாரியா? கியர்பாக்ஸ் பத்திரம்!

டிசம்பர் பிறந்தால் மட்டாஞ்சேரியில் டிரைவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. டச்சு அரண்மனையும் ஜூ டவுனும் பார்த்து முடித்த பயணிகள் அடுத்துக் கேட்பது மூணாறு. லைசென்ஸ் இருப்பது மட்டும் இப்போது பெரிய தகுதி இல்லை. சாதாரண இலகுரக வாகன லைசென்ஸை வைத்தே 7,500 கிலோவுக்கு உட்பட்ட டாக்சியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. அதனால் முதலாளியின் கவலை வேறு. ஆட்டோமேட்டிக் வண்டியைக் கொடுத்தால், கியர்பாக்ஸைக் காப்பாற்றிக் கொண்டுவருவாரா இவர்?

குளிரைப் பற்றிய பயத்தை முதலில் குறைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் எஞ்சினைச் சூடாக்கு என்பதெல்லாம் கனடாவிலிருந்து வரும் வீடியோ ஞானம். கொச்சியில் டிசம்பர் இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மூணாறில் மட்டும் கதை மாறும். செண்டுவரை போன்ற எஸ்டேட்டுகளில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்லெல்லாம் உறைபனி. அங்கே கியர் ஆயில் கெட்டிப்பட்டிருக்கும். கியர் கொஞ்சம் தாமதமாக விழும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் விட்டு, முதல் மூன்று நான்கு கிலோமீட்டர் ஆக்சிலேட்டரை அழுத்தாமல் போங்கள். போதும். கியர்பாக்ஸ் ஓடினால்தான் சூடாகும்; நின்று உறுமினால் ஆகாது.

உண்மையான எதிரி சூடு. 1935-இல் திறந்த நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். சீயப்பாறை அருவியருகே சீசன் நெரிசலில் வண்டி அங்குலம் அங்குலமாக நகரும்போதுதான் கியர்பாக்ஸ் வேகும். ஏஎம்டி வண்டியில் இது இன்னும் ஆபத்து. 2014-இல் மாருதி செலிரியோவோடு இங்கே பரவிய இந்த வகையில் உங்கள் காலடியில் கிளட்ச் இல்லை. உள்ளே சாதாரண கிளட்ச்தான் இருக்கிறது. மேட்டில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்தினால், கிளட்ச் தேய்ந்து கருகும். நாற்றம் பின்சீட்டுப் பயணிக்கே எட்டும். இரட்டைக் கிளட்ச் வண்டிக்கும் இதே விதி. நின்றால் பிரேக்கை முழுதாக மிதியுங்கள். முன்வண்டி ஒரு காரளவு நகரும்வரை பொறுத்து, ஒரே மூச்சில் நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் கிளட்ச் மாற்றித் தரப்போவதில்லை.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். 'எல்', அல்லது மேனுவல் முறையில் இரண்டாம் கியர்தான் இறக்கத்துக்கு.

வியூ பாயின்டில் நிறுத்தும்போது பலரும் நேராக 'பி'யில் தள்ளிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அப்போது வண்டியின் முழுப் பாரமும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கியில் தொங்கும். பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், பிறகு ஹேண்ட் பிரேக், காலை எடுத்து வண்டி அதில் உட்கார்ந்த பின் 'பி'. பல ஏஎம்டிகளில் 'பி' கிடையாது. அவற்றைக் கியரில் போட்டே எஞ்சினை அணைக்க வேண்டும். வண்டி முழுதாக நிற்காமல் ரிவர்ஸ் போடாதீர்கள்.

சூட்டு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். வண்டி நின்றேபோனால் கயிறு கட்டி இழுக்கவிடாமல், மேலே ஏற்றிச் செல்லும் லாரியைக் கூப்பிடுங்கள். சக்கரம் தரையில் உருண்டால், ஆயில் ஓட்டமில்லாத கியர்பாக்ஸ் உள்ளேயே அரைபடும்.

ஊர் திரும்பியதும் வண்டியின் கையேட்டில் 'கடினப் பயன்பாடு' அட்டவணையைத் தேடுங்கள். டாக்சியும் மலைப்பாதையும் அதில்தான் வரும். ஆயில் மாற்றும் கெடுவும் அங்கே குறைவு. அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து, இன்றே முதலாளிக்கு அனுப்பிவிடுங்கள்.