பிளாஸ்டிக் பயிற்சி நடத்தப் போறியா தங்கச்சி? முதல்ல உப்பள நேரத்தைக் கேளு!

மரக்காணம் பக்கம் பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்க ஊர் மக்களுக்கு ஒரு பயிற்சி நடத்தக் கிளம்பியிருக்கே. நல்ல காரியம். ஆனா காலை பத்து மணிக்கு மண்டபம், வாசல்ல பெரிய பேனர், மேடையில ஆறு பேர்னு திட்டம் போட்டிருந்தா, அந்தத் தாளை இப்பவே மடிச்சு வை. உப்பளத்துக்காரங்களும் வரமாட்டாங்க, மீனவக் குப்பத்துக்காரங்களும் வரமாட்டாங்க. உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும். அவசியமானதை மட்டும் சொல்றேன், கேளு.

1. நேரத்தை நீ முடிவு பண்ணாதே. உப்பு வாருறவங்க வெயிலுக்குப் பயந்து இருட்டுலயே பாத்திக்குப் போறவங்க. திரும்பி வந்து சமைச்சு, கொஞ்சம் கண் அசர்ற நேரத்துல மைக் போட்டா யாருக்குக் கோபம் வராது? சாயங்காலம் நாலரைக்கு மேல வை, ஒரு மணி நேரத்துல முடி. குப்பங்களுக்குத் தனிக் கூட்டம் வேணும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுல போற ஆம்பளைங்க கரையில உட்கார்ந்து வலை சரிபண்ற நேரம். கிழிஞ்ச நைலான் வலையைக் கடல்லயும் கரையிலயும் விடாதீங்கன்னு பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது. உப்பள வேலை நிக்கிற அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் அளத்துக்காரங்க ஊர்லயே இருப்பாங்க. ஆனா அது மழை, புயல் காலம். கூரை உள்ள இடமா பாரு.

2. இடத்துக்கு அலையாதே. குப்பத்துல வலை பின்ற கொட்டகை போதும். முன்கூட்டியே ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிடு. அவங்களுக்குத் தெரியாம நடத்தின கூட்டம் அன்னைக்கோட போச்சு.

3. ஃப்ளெக்ஸ் அடிக்கவே கூடாது. அதுவே பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சொல்றதுக்கு பிளாஸ்டிக்கைக் கட்டினா சின்னப் பிள்ளைகூடக் கேள்வி கேட்கும். அதுக்குப் பதிலா:
• மகளிர் குழுக் கூட்டத்துல நேர்ல போய்ச் சொல்லு.
• நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குக் காலையிலயே போ.
• கோயில், பள்ளிவாசல், சர்ச் மைக்குல ரெண்டு வரி அறிவிக்கச் சொல்லிக் கேளு.
• வாட்ஸப்புல நீளமா எழுதாதே. அவங்க ஊர்க்காரர் ஒருத்தர் குரல்ல அரை நிமிஷம் பேசி அனுப்பு.
மூணு நாளைக்கு முன்னாடி ஒரு தடவை, அன்னைக்கு மத்தியானம் ஒரு தடவை சொன்னா போதும்.

4. மஞ்சப்பையோட நிறுத்தாதே. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பர் 23-ல 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தாச்சு. அப்புறமும் கவர் ஏன் ஓயலை? மீனும் மாவும் சாம்பாரும் துணிப்பையில நிக்காது, அதான். மாவுக்கும் மீனுக்கும் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, சாம்பாருக்குத் தூக்கு, உலர்ந்த சாமானுக்குப் பைன்னு பிரிச்சுச் சொல்லு. அதையும் பொம்பளைங்ககிட்ட மட்டும் சொல்லிட்டு வராதே! மளிகைக் கடைக்காரர், ஓட்டல்காரர், மீன் விக்கிற அக்கா, உப்பளம் எடுத்து நடத்துறவர் இவங்க வரலைன்னா கூட்டத்தையே தள்ளி வை. தண்ணி பாக்கெட் வாங்கித் தர்றவர் உப்பள முதலாளின்னா, கேனும் பானையும் வைக்க வேண்டியவரும் அவர்தானே?

5. உப்பைப் பத்திப் பேசு, ஆனா பயமுறுத்தாதே. ஐ.ஐ.டி. பம்பாய் ஆராய்ச்சியாளர்கள் 2018-ல நம்ம நாட்டுக் கடல் உப்புல நுண் பிளாஸ்டிக் துகள் இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. அதை எடுத்துக்கிட்டு "உங்க உப்புல பிளாஸ்டிக்"னு மைக்குல கத்தினா, அவங்க சோத்துல கை வைக்கிற மாதிரி ஆயிடும். இப்படிச் சொல்லு: வெயில்ல தண்ணி ஆவியாப் போகும், பிளாஸ்டிக் போகாது, பாத்தியிலயே தங்கும். பிளாஸ்டிக் சாக்கு வெயில்ல நாட்பட்டா நார் நாராப் பிரியும், உப்புக் குவியல் மேல போடுற தார்ப்பாயும் அப்படித்தான். அதனால சாக்கோட தையலைப் பிய்க்காம கத்தியால வெட்டணும். வரப்புல ஒரு பழைய சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, நூல், கயிறு, கவர் எல்லாத்தையும் அதுல போடணும். இத்துப்போன தார்ப்பாயைப் போன வருஷத்துதுதானேன்னு திரும்பப் போர்த்தக் கூடாது. குப்பையைப் பாத்திக்குப் பக்கத்துல கொளுத்தவே கூடாது. கழுவெளியையும் சொல்லு. 2021 டிசம்பர்ல பறவைகள் சரணாலயமா அறிவிச்ச ஏரி அது, கடலோட தண்ணிப் போக்குவரத்து உள்ளது. மழைத் தண்ணி அடிச்சிட்டுப் போற கவர் கடைசியில அங்கதான் சேரும்.

6. பேச்சு பத்து நிமிஷம், மீதி கைவேலை. ஒரு தெருவோட ஒருநாள் குப்பையைப் பாய்ல கொட்டு. கையுறை குடுத்து எல்லாரையும் பிரிக்கச் சொல்லு. பக்கத்துல காயலான் கடைக்காரரை உட்கார வை. பாட்டிலுக்கு என்ன விலை, பால் கவரைக் கழுவிக் காய வெச்சா எடுப்பாரா, சிப்ஸ் கவரை ஏன் தொடமாட்டார்னு அவர் வாயால சொல்லட்டும். எந்தப் பேராசிரியர் பேச்சும் அந்த அளவுக்கு மனசுல நிக்காது. துணி நாப்கின் பத்திப் பேசணும்னா பொம்பளைங்களுக்குத் தனியா வை. ஆரோவில்லுல இருக்கிற ஈகோ ஃபெம் இதைச் செய்றவங்க. ஆனா அலசத் தண்ணியும் மறைவும் இல்லாத உப்பளத்துல அதை வற்புறுத்தாதே. முதல்ல தண்ணிக்கும் மறைவுக்கும் வழி கேட்கணும்.

7. டீ கண்ணாடி டம்ளர்ல, தண்ணி குடத்துல, சுண்டல் இலைத் தொன்னையில. பேப்பர் கப் வாங்கிட்டு வந்தே, திட்டுவேன். உள்பக்கம் பிளாஸ்டிக் பூசினது அது, தடைப் பட்டியல்லயே இருக்கு.

8. சேர்த்த குப்பை எங்க போகும்? இதுக்குப் பதில் இல்லாம தேதியே குறிக்காதே. கேரளாவுல கொல்லம் நீண்டகரையில 2017-ல ஆரம்பிச்ச 'சுசித்வ சாகரம்' திட்டத்துல, வலையில மாட்டின பிளாஸ்டிக்கை மீனவங்க கரைக்குக் கொண்டு வந்தாங்க. வாங்கிக்க ஆள் இருந்தாங்க, கழுவிப் பொடியாக்கி ரோடு போடக் குடுத்தாங்க, அதனாலதான் நடந்தது. நீயும் தூய்மைக் காவலர்களை முன்னாடியே பாரு. எந்தக் கிழமை வண்டி வரும், வலையை வாங்குவாங்களா, சாக்கு நூலை வாங்குவாங்களான்னு கேட்டு எழுதிக்கோ. மரக்காணம் பேரூராட்சி; அங்க அலுவலகத்துல மனு குடு. சுத்துப்பட்டு ஊராட்சின்னா கிராம சபை இருக்கு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுல எது கிட்ட வருதோ, அதுக்குப் பத்து நாள் முன்னாடி உன் பயிற்சியை வை. வந்தவங்களே கிராம சபையில எழுந்து நின்னு தீர்மானம் கேட்கட்டும்.