காமாலையா, ஜாண்டிஸா?

"ஏனுங்க டாக்டர், ரத்தம் டெஸ்ட் பண்ணின எடத்துல ஹெபடைடிஸ்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்போ இது மஞ்சள் காமாலை இல்லீங்களா?"

பொள்ளாச்சிப் பக்கம் வைத்தியம் பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எல்லாம் ஒரே வியாதியின் வெவ்வேறு பெயர்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லாமே வேறு வேறு வியாதி என்று சிலர். இரண்டுமே சரியில்லை. ஒவ்வொரு பெயரும் எப்படி வந்தது என்று பார்த்தால் குழப்பம் தீரும், உயிரையும் காக்கும்.

நிறத்துக்கு வைத்த பெயர்

ஜாண்டிஸ் என்ற சொல்லின் வேர் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. அங்கே 'ழோன்' என்றால் மஞ்சள். நாம் மஞ்சள் காமாலை என்பதும் அதே நிறத்தை வைத்துத்தான். காமாலை என்பது 'காமலா' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. காமம் என்றால் விருப்பம். விருப்பத்தைப் போக்குவது காமலா என்று விளக்குவார்கள். பொருத்தமான பெயர்தான். காமாலைக்காரருக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டும் அல்லவா?

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று பழமொழி சொல்கிறோம். உண்மையில் நோயாளியின் பார்வை மஞ்சளாவதில்லை. அவர் கண்ணின் வெள்ளைதான் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

ஏன் மஞ்சளாகிறது? ரத்தத்தின் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்ந்து அழிகின்றன. அப்போது பிலிருபின் என்ற சாயம் உண்டாகிறது. லத்தீனில் 'பிலிஸ்' என்றால் பித்தம், 'ரூபர்' என்றால் சிவப்பு. கல்லீரல் இதைப் பித்த நீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். அந்த வேலை தடைப்பட்டால் சாயம் ரத்தத்தில் தேங்கி, கண்ணிலும் தோலிலும் படிகிறது.

ஆக, ஜாண்டிஸ், காமாலை இரண்டும் வெளியே தெரியும் அடையாளத்தின் பெயர்கள். காரணம் என்ன என்பதை அவை சொல்வதில்லை.

உறுப்புக்கு வைத்த பெயர்

ஹெபடைடிஸ் கிரேக்கச் சொல். 'ஹெபர்' என்றால் கல்லீரல். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி. டான்சிலைடிஸ், ஆர்த்ரைடிஸ் எல்லாம் இந்த வகைதான். தமிழில் அழல் என்றால் நெருப்பு, அதிலிருந்து அழற்சி. ஆங்கிலத்தின் 'இன்ஃப்ளமேஷன்' என்ற சொல்லுக்குள்ளும் நெருப்புதான் இருக்கிறது. இரு மொழிக்காரர்களும் ஒன்றுபோலவே யோசித்திருக்கிறார்கள்!

இந்த அழற்சிக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு விஷம் என்று பொருள். ஏ, இ வகைகள் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருகின்றன. பி, சி வகைகள் ரத்தம், சுத்தமில்லாத ஊசி வழியாகப் பரவுகின்றன. பி வகை தாயிடமிருந்து பிள்ளைக்கும், உடலுறவு மூலமும் தொற்றும். மதுவும் சில மருந்துகளும்கூட கல்லீரலை அழற்சிக்கு ஆளாக்கும்.

இதில்தான் ஆபத்து

ஹெபடைடிஸ் இல்லாமலே காமாலை வரலாம். பித்தக்கல் குழாயை அடைத்தாலும், சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி அழிந்தாலும் கண் மஞ்சளாகும். பச்சைக் குழந்தைக்கும் வரும். அதேபோல, காமாலை தெரியாமலே ஹெபடைடிஸ் இருக்கலாம். பி, சி வைரஸ்கள் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கல்லீரலைக் கெடுக்கும். எனவே கண் வெளுத்துவிட்டது, வியாதி போய்விட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

கீழாநெல்லி என்ன செய்யும்?

காய்கள் இலையின் கீழே வரிசையாக இருப்பதால் கீழ்க்காய்நெல்லி. அதுவே கீழாநெல்லி ஆயிற்று. நம் தென்னந்தோப்புகளில் தானாக முளைக்கும். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், பி வைரஸைச் சுமந்தவர்களுக்கு இதைக் கொடுத்துக் கண்ட நல்ல பலனை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் அக்கட்டுரையாளர்களில் ஒருவர். ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

சித்த வைத்தியன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: பித்தக்கல் அடைப்பை எந்த இலைச் சாறும் நீக்காது. காரணம் தெரிந்த பிறகுதான் மருந்து. கண்ணில் பச்சிலைச் சாறு விடுவதும், கையில் சூடு போடுவதும் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* கண் மஞ்சளானால் உடனே ரத்தப் பரிசோதனை. ஏ, பி, சி, இ எது என்றும் கேளுங்கள்.
* மலம் வெளுத்து, உடம்பு அரித்தால் குழாய் அடைப்பாக இருக்கலாம், ஸ்கேன் தேவை.
* தூக்கக் கலக்கம், உளறல், ரத்த வாந்தி இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
* கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் கூடுதல் ஜாக்கிரதை. இ வகை அவர்களுக்கு மிக ஆபத்து.
* பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுங்கள். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் குணமாக்கும் மாத்திரைகள் இப்போது இருக்கின்றன.
* குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

ரிசல்ட் பேப்பரில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், "இதுக்குக் காரணம் என்னங்க?" என்று டாக்டரிடம் கேட்கத் தயங்காதீர்கள். சிகிச்சை ஆரம்பிப்பது அந்தப் பதிலிலிருந்துதான்.