ஒப்பந்தத் தொழிலாளரும் காப்பீட்டுப் பங்கும்

தர்மபுரி மாவட்டம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியாதலின், இங்குள்ள இளைஞர் ஓசூர், திருப்பூர், பெங்களூர் முதலிய நகரங்களின் ஆலைகளை நாடிச் செல்லுதல் யாவரும் அறிந்ததே. அங்ஙனம் செல்வாருட் பலர் ஒப்பந்தக்காரரின் ஆட்களாகவே ஆலைக்குட் புகுகின்றனர். வேலை கொள்பவர் ஒருவர். கூலி கொடுப்பவர் மற்றொருவர். தொழிலாளி நோயுற்றவிடத்து, அவன் பொருட்டுக் கட்டவேண்டிய இ.எஸ்.ஐ. பங்குக்கு இவ்விருவருள் யார் பொறுப்பாளி?

1948ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் இவ்வினாவை ஐயத்திற்கு விடவில்லை. நேரிற் சேர்த்த ஆளாயினும், ஒப்பந்தக்காரர் வாயிலாக வந்த ஆளாயினும், இருவகையார்க்கும் ஆலை முதலாளியே முதற்கண் பணங்கட்டவேண்டும். பின்னர் ஒப்பந்தக்காரரிடம் அதனைப் பெற்றுக்கொள்ளலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் இப்பழைய சட்டம் அடங்கிவிட்டது. எனினும் ஒப்பந்த ஆட்களை அதுவும் புறத்தே நிறுத்தவில்லை.

பணமோ சிறிது. 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு கூலியில் நூற்றுக்கு 3.25, தொழிலாளியின் பங்கு 0.75. மாதம் 12,000 ரூபாய் பெறுவானுக்கு முறையே 390 ரூபாயும் 90 ரூபாயும் ஆம். முதலாளியின் பங்கைக் கூலியிற் பிடித்தல் ஆகாது.

ஐதராபாத்தில் ராயல் டாக்கீஸ் என்னும் படக்கொட்டகை இருந்தது. அதன் எல்லைக்குள்ளே சிற்றுண்டிச் சாலையையும் சைக்கிள் நிறுத்துமிடத்தையும் குத்தகைதாரர் நடத்திவந்தனர். அங்கு வேலை செய்தவர் தம் ஆட்களல்லர் எனக் கொட்டகையார் வழக்காடினர். படம் பார்த்தலுக்கும் சைக்கிள் காத்தலுக்கும் யாது தொடர்பு என நாமும் வினவக்கூடும். ஆயின் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1978இல் உச்ச நீதிமன்றத்திற் கூறிய தீர்ப்பு வேறு: அவை கொட்டகைத் தொழிலுக்குத் துணையாயினவே, ஆதலின் கொட்டகையாரே பங்கு செலுத்தவேண்டும். எனினும், கல்கத்தா மின்சாரக் கம்பெனிக்காகத் தெருக்களிற் குழிதோண்டிக் கம்பி பதித்த ஒப்பந்த ஆட்களுக்கு 1991இல் அப்பேறு கிட்டவில்லை. கம்பெனியார் அவ்வேலையை மேற்பார்க்கவில்லை, முடிந்த பின்னரே சோதித்து ஏற்றனர் என்று நீதிபதிகளுட் பெரும்பான்மையோர் கருதினர். வெயிலில் தோண்டியவனுக்கு இவ்வேறுபாடு விளங்கியிருக்குமோ என்பது ஐயமே.

கூலியினின்று பிடித்த பங்கினைத் தொழிலாளி நம்பி ஒப்படைத்த பொருளாகவே சட்டம் கருதுகின்றது. தமிழ் மாணவர் இதனை 'அடைக்கலப் பொருள்' என்பர். பிடித்துக் கட்டாதொழிதல் நம்பிக்கை மோசடி என்னுங் குற்றமாம். 2024 ஜூலை முதல் வழங்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் அவ்வாறே கொள்கின்றது.

கட்டாமையால் வருங் கேடு உடனே புலப்படுவதன்று. ஏப்ரல் முதல் செப்டம்பர் முடிய உள்ள அரையாண்டில் 78 நாட்களுக்குப் பங்கு கட்டியிருந்தாலன்றி, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவி கிட்டாது. நாட்கூலி 400 ரூபாயெனின், நூற்றுக்கு 70 வீதம் நாளொன்றுக்கு 280 ரூபாய்; ஆண்டுக்கு 91 நாள்வரை பெறலாமாதலின் 25,480 ரூபாய். ஒப்பந்தக்காரர் கட்டாமையால் 78 நாள் நிரம்பாவிடின் இத்தொகை முழுதும் போகக்கூடும். வேலையில் நேருங் காயத்திற்கு மட்டும் இந்நாட்கணக்கு இல்லை. சேர்ந்த முதல் நாளிலேயே உரிமை உண்டு.

ஒப்பந்தக்காரர் மாறுந்தோறும் புதிய காப்பீட்டு எண் பெறுவாரும் உளர். அதனால் நாட்கள் இரு கணக்கிற் சிதறி 78 எட்டாமற் போகும். பழைய எண்ணையே புதியவரிடம் கொடுத்தல் வேண்டும். பணம் கட்டப்பெற்றதா என்பதைக் கழகத்தின் இணையதளத்தில் அவ்வெண் கொண்டே பார்த்தறியலாம்.