கூலியைக் கணக்கில் வரவழை

திருவையாறு

அன்புள்ள மாப்பிள்ளை,

பகலில் ரைஸ் மில், சம்பா அறுப்பு வந்துவிட்டால் இரவில் அறுப்பு மிஷினில் உதவியாள் என்று நீ இரண்டு பக்கமும் ஓடுவதை அக்கா சொன்னாள். ஓடாதே என்று சொல்லமாட்டேன். ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவன் நம் பக்கத்தில் எத்தனை பேர்? ஆனால் அடிபட்டால் பணம் எப்படி வரும் என்பதைத் தெரிந்துகொண்டு ஓடு.

மில்லில் மாதம் 9,000, மிஷினில் சராசரி 6,000 என்று வைத்துக்கொள். மிஷினில் உன் கையின் நான்கு விரல் போனால் (வாய் தவறிக்கூட அப்படி நடக்க வேண்டாம்) நஷ்டஈட்டுச் சட்டம் பார்ப்பது மிஷின்காரர் தந்த 6,000-ஐ மட்டும்தான். முழு ஊனத்துக்குக் கூலியில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்குவார்கள். உன் 30 வயதுக்கு அது 207.98. நான்கு விரலுக்கு அதில் பாதி. ஆக 3,74,364 ரூபாய். இரண்டு கூலியையும் கூட்டினால் 9,35,910 வந்திருக்கும். விரல் போனவன் மில்லிலும் மூட்டை தூக்க முடியாதே, அந்த 9,000 என்ன ஆச்சு என்று கேட்க அங்கே இடமில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இரண்டையும் கூட்டிப் பார்க்கிறார்கள். நம் 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டம் அப்படிப் பார்த்ததில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்தக் கணக்கை மாற்றவில்லை. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

கணக்கு மிஷின் கூலியை வைத்துத்தான் என்பதால் அதைக் கையில் வாங்காதே, கூகுள் பே-யில் போடச் சொல். ரொக்கமாகத் தந்த கூலியைப் பிறகு மிஷின்காரர் குறைத்துச் சொன்னால் உன்னிடம் என்ன சாட்சி இருக்கும்? தினக்கூலிக்கு நஷ்டஈடு கிடையாது என்று மிஷின் தரகர் யாராவது சொன்னால் நம்பாதே. மிஷினில் அறுப்பதும் அடிப்பதும் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது.

மில்லில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பிடித்தால், மிஷினில் அடிபட்டாலும் அந்த அட்டைக்கு வைத்தியம் உண்டு. சந்தா நாட்கள் சரியாக இருந்தால் மில் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை நோய்க்கால உதவியும் வரும். ஆனால் மிஷினில் பட்டதை மில்லில் பட்டதாக எழுதிக் கொடு, பணம் கூடும் என்று யோசனை சொல்ல ஆள் வருவான். கேட்காதே. ஆஸ்பத்திரிச் சீட்டில் முதல் நாள் எழுதிய இடமும் நேரமும் உன்னைக் காட்டிக்கொடுக்கும், நியாயமாக வரவேண்டியதும் போகும்.

மில் முடிந்து வயலுக்குப் போகும் வழியில் அடிபட்டால் அதையும் விட்டுவிடாதே. வேலைக்குப் போகிற வழியில் இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளி வழக்கில், நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு ஒட்டியிருந்தால் அது வேலை விபத்துதான் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எங்கே பட்டாலும் உடனே எழுத்தில் தெரிவி. மனு கொடுக்க இரண்டு வருஷம்தான் கெடு. மிஷின்காரர் பேர், வண்டி எண், இன்சூரன்ஸில் உதவியாளுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறாரா என்பது, இந்த மூன்றையும் கேட்டு இந்த வாரமே எனக்கு எழுது.

உன் மாமா